நடை பழகும் குழந்தை ஓயாமல் தண்ணீர் கேட்கிறதா? வெயிலென்று விட்டுவிடும் முன் பார்க்க வேண்டியவை

சித்திரை பிறந்து கத்திரி வெயில் நெருங்கும் நாள்களில் தண்ணீர் கேட்காத குழந்தையை வடசென்னையில் பார்ப்பது அரிது. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ வேய்ந்த வீடுகளில், இரவு ஒன்பது மணி வரைகூட மின்விசிறி அனல் காற்றையே இறக்கிக்கொண்டிருக்கும்போது, ஒன்றரை வயதுப் பிள்ளை வழக்கத்தைவிட இரண்டு டம்ளர் கூடுதலாகக் குடிப்பது உடம்பின் நியாயமான தேவைதான். ஆனால் இதே வெயில், சில குழந்தைகளின் உண்மையான நோயை மறைத்தும் விடுகிறது. பிள்ளை ஓயாமல் தண்ணீர் கேட்கிறது என்று தாய் சொன்னதுமே, "வெயிலுக்குக் கேக்குது, சூட்டு உடம்பு, ரெண்டு நாள் இளநி குடு, சரியாயிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல்லில் அக்கறை இருக்கிறது. பல வேளைகளில் உண்மையும் இருக்கிறது. ஆயினும் முதல் வகைச் சர்க்கரை நோய் தொடங்கியிருக்கும் ஒரு சிறு குழந்தைக்கு அந்த இரண்டு நாள் காத்திருப்பு உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

எனவே தாகத்தை ஒருபோதும் தனியாகப் பார்க்க வேண்டாம். குழந்தை எவ்வளவு குடிக்கிறது என்பதோடு, எவ்வளவு சிறுநீர் கழிக்கிறது, எடை ஏறுகிறதா இறங்குகிறதா, இரவில் தூக்கம் கலைந்து தண்ணீர் கேட்கிறதா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று மாறியிருந்தாலும், அன்றைக்கே விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரை அளவைப் பார்த்துவிடுவது நல்லது.

எவ்வளவு குடித்தால் இயல்பு

குழந்தையின் எடையை வைத்து மருத்துவர்கள் போடும் கணக்கு எளிமையானது. முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மி.லி., அதற்கு மேலுள்ள ஒவ்வொரு கிலோவுக்கும் 50 மி.லி. என்பதே ஒரு நாளின் அடிப்படை நீர்த் தேவை. அதன்படி 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு லிட்டரும், 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 1,100 மி.லி.யும் வேண்டியிருக்கும். இது வெறும் தண்ணீரின் கணக்கு அல்ல. பால், கஞ்சி, ரசம் சோறு, தர்ப்பூசணி, மோர் என்று உள்ளே போகும் நீர் அனைத்தும் இதில் அடங்கும். வெயிலிலும் காய்ச்சலிலும் இந்த அளவு கூடும். ஓடியாடி வியர்த்த மாலையில் கூடுதலாகக் குடித்துவிட்டு, இரவு அயர்ந்து தூங்கி, காலையில் பசியோடு எழும் குழந்தையைப் பற்றி அஞ்சத் தேவையில்லை.

தாகத்தைத் தூண்டும் உணவுகளையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். கருவாட்டுக் குழம்பும் வறுத்த நெத்திலியும் பெரியவர்களின் தட்டிலிருந்து குழந்தையின் வாய்க்குப் போவது நம் பகுதியில் சாதாரணம். மிக்சர், சிப்ஸ் பாக்கெட், மாலையில் தெருக்கடையில் வாங்கும் அத்தோ என்னும் பர்மா நூடுல்ஸ் ஆகியவற்றின் உப்பும் ஒரு சிறு உடம்புக்கு அதிகம். இவற்றைத் தின்ற நாளில் மட்டும் தாகம் கூடி, மறுநாள் தணிந்துவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. ஜூஸ் பாக்கெட், ரோஸ் மில்க், பாட்டிலில் கரைத்த சர்க்கரைத் தண்ணீர் ஆகியவை வேறு வகைச் சிக்கல். குழந்தை கேட்பது இனிப்பை, நாம் அதைத் தாகம் என்று எண்ணிக்கொண்டிருப்போம். பாலும் அப்படித்தான்; ஒரு வயதுக்கு மேல் நாளொன்றுக்கு அரை லிட்டர் பால் போதும். அதற்கு மேல் கொடுத்தால் சோறு இறங்காது, இரும்புச்சத்தும் குறையும்.

ஒரு நாள் முழுவதும் அளந்து பார்ப்பது எப்படி

"நிறையக் குடிக்கிறான்" என்று சொல்வதைவிட, "நேற்று காலை ஆறு மணியிலிருந்து இன்று காலை ஆறு மணி வரை 1,900 மி.லி. குடித்தான்" என்று சொன்னால் மருத்துவரின் வேலை பாதியாகக் குறையும். குழந்தை சுறுசுறுப்பாக விளையாடிக்கொண்டிருந்து, எடையும் குறையாமல், கீழே சொல்லப்போகும் ஆபத்து அறிகுறிகளில் ஒன்றும் இல்லாதிருந்தால் மட்டுமே இந்த அளவெடுப்புக்கு ஒரு நாள் செலவிடலாம். ஓர் அறிகுறி இருந்தாலும் அளந்துகொண்டு உட்கார வேண்டாம். உடனே கிளம்பிவிட வேண்டும்.

ஒரு லிட்டர் பாட்டில்கள் இரண்டை நிரப்பி, அது குழந்தைக்கு மட்டும் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும். எவர்சில்வர் டம்ளர் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவாக இருப்பதால், வீட்டிலுள்ள பால் புட்டியின் கோடுகளைக் கொண்டு ஒரு டம்ளரை அளந்து, அன்று முழுவதும் அந்த ஒன்றையே பயன்படுத்தினால் கணக்குத் தவறாது. பாலையும் மற்ற பானங்களையும் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டில் குடித்தது, அங்கன்வாடியில் குடித்தது, பாட்டி யாருக்கும் தெரியாமல் கொடுத்தது எல்லாமே சேர வேண்டும். குளிக்கும்போது மக்கிலுள்ள தண்ணீரைக் குடிக்கிறதா, குடத்தடியில் சொட்டும் நீரை வாய்வைத்து உறிஞ்சுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கிடைத்த இடத்திலெல்லாம் வாய்வைக்கும் குழந்தையின் தாகம் வெறும் பழக்கத்தால் வருவதாக இருக்க வாய்ப்புக் குறைவு.

சிறுநீரை அளப்பதும் கடினமில்லை. டயப்பர் போடும் குழந்தையென்றால், உலர்ந்த டயப்பரின் எடையை முதலில் குறித்துக்கொண்டு, நனைந்த ஒவ்வொன்றையும் சமையலறையில் உள்ள சிறு எலெக்ட்ரானிக் தராசில் வைத்துப் பார்க்கலாம். கூடியிருக்கும் ஒவ்வொரு கிராமையும் ஒரு மி.லி. சிறுநீர் என்று கொள்ளலாம். டயப்பர் போடாத குழந்தையை ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவில் போகச் செய்து அளக்கலாம். அது முடியாவிட்டால் எத்தனை முறை போனது, நிறம் என்ன என்பதையாவது எழுதிவைக்க வேண்டும். ஒரு நாளில் கிலோவுக்கு 100 மி.லி.க்கு மேல், அதாவது 12 கிலோ குழந்தை 1,200 மி.லி.க்கு மேல் சிறுநீர் கழித்தால், அது மருத்துவர் ஆராய வேண்டிய அளவு. நிறைய வியர்த்த குழந்தையின் சிறுநீர் குறைந்து மஞ்சளாக வரும், அதுவே இயற்கை. வெயிலில் வாடிய குழந்தை குடம் குடமாகக் குடித்து, குடித்ததையெல்லாம் பச்சைத் தண்ணீர் போலக் கழித்துக்கொண்டிருந்தால், அந்தத் தாகத்துக்கு வெயில் காரணமல்ல.

எடையைப் பார்க்க அங்கன்வாடியோ மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமோ போதும். ஒரே தராசு, ஏறக்குறைய ஒரே அளவு உடை என்பதை மட்டும் கவனித்தால், தாய்சேய் நல அட்டையில் உள்ள பழைய எடையோடு ஒப்பிடலாம். ஒரு வயதுக்கு மேல் குழந்தை ஆண்டுக்குச் சுமார் 2 கிலோ ஏறும். ஒரு மாதம் ஏறாமல் நிற்பது நடக்கக்கூடியது. ஆனால் தாகமும் கூடி எடையும் இறங்கியிருந்தால், அது 300 கிராமாக இருந்தாலும், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

முதலில் நினைக்க வேண்டியது சர்க்கரை நோயை

ஒரு வயதுக் குழந்தைக்குச் சர்க்கரை நோயா என்று வியப்பவர்களே அதிகம். பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை வேறு, இது வேறு. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது முதல் வகை. இனிப்புத் தின்றதால் வருவதல்ல. தாய் கருவுற்றிருந்தபோது செய்த எதனாலும் வருவதல்ல. "எங்க பரம்பரையில யாருக்கும் சுகர் இல்லியே" என்பது இந்த நோய் இல்லை என்பதற்கு ஆதாரமாகாது. இந்நோய் வரும் குழந்தைகளில் பெரும்பாலோரின் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் அது இருந்திருப்பதில்லை.

இன்சுலின் இல்லாமல் இரத்தத்தில் சர்க்கரை தேங்கி, சுமார் 180 மி.கி. அளவைத் தாண்டும்போது சிறுநீரகம் அதைத் தடுத்து நிறுத்த முடியாமல் வெளியே விடுகிறது. வெளியேறும் சர்க்கரை தன்னோடு தண்ணீரையும் இழுத்துச் செல்கிறது. இழந்த நீரை ஈடுசெய்யவே குழந்தை தண்ணீருக்கு அழுகிறது. ஆகவே குழந்தை நிறையக் குடிப்பதால் நிறையச் சிறுநீர் போகிறது என்று எண்ணித் தண்ணீரைக் குறைப்பது, நோயை விட்டுவிட்டு உடல் தேடிக்கொண்ட ஒரே பாதுகாப்பைப் பறிப்பதாகும். என்ன காரணமென்று மருத்துவர் சொல்லும் வரை, தாகமெடுக்கும் குழந்தைக்குத் தண்ணீரை மறுக்கவே கூடாது.

பேசத் தெரியாத குழந்தையிடம் இந்த நோய் எப்படித் தெரியும்? இரவில் மாற்றிய டயப்பர் விடியும் முன்பே கனத்துத் தொங்கும். இரவில் நனைக்காமல் இருக்கப் பழகிவிட்ட இரண்டரை வயதுக் குழந்தை மறுபடியும் பாயை நனைக்கத் தொடங்கும். குளியலறைத் தரையில் குழந்தை சிறுநீர் கழித்த இடத்தில், தண்ணீர் ஊற்றிக் கழுவ மறந்த அன்று, எறும்பு மொய்த்திருக்கும். காய்ந்த ஜட்டியில் பிசுபிசுப்பு இருக்கும். எறும்பு மொய்ப்பதைப் பார்த்த எந்தத் தாயும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. எறும்பு வரவில்லை என்பதற்காக நோய் இல்லை என்றும் முடிவு செய்யக் கூடாது. தொடை இடுக்கில் களிம்பு தடவியும் ஆறாத சிவந்த புண், நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துபோகும் கைகால்கள், போன மாதம் இடுப்பில் நின்ற டிரவுசர் இப்போது நழுவுவது, காரணமில்லாத சிடுசிடுப்பு, விளையாட்டில் ஆர்வம் குன்றி எப்போதும் தோளில் சாய்ந்துகொள்வது ஆகியவையும் அடையாளங்களே.

இந்த வயதில் நோய் வெகுவேகமாக முற்றும். பெரிய பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் நடப்பது, நடை பழகும் குழந்தைக்குச் சில நாள்களிலேயே நடந்துவிடலாம். சர்க்கரையை எரிக்க முடியாத உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும்போது கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் இரத்தத்தில் சேர்கின்றன. அப்போது வாந்தி வரும், வயிறு வலிக்கும், மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கும், வாயில் அழுகிய பழத்தின் வாடை அடிக்கும், குழந்தை மயங்கி மயங்கித் தூங்கும். வாந்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்றும், மூச்சைப் பார்த்து வீசிங் என்றும் எண்ணி மருந்து கொடுத்துவிடும் வாய்ப்பு இந்தக் கட்டத்தில்தான் அதிகம்.

பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து உலர்ந்துபோன குழந்தைக்குச் சிறுநீர் வெகுவாகக் குறைந்துவிடும். நாக்கு வறண்டு, கண் குழிந்து, வாந்தியும் எடுத்துக்கொண்டிருக்கும் குழந்தை, டயப்பரை மட்டும் தொடர்ந்து நனைத்துக்கொண்டே இருந்தால், அங்கே சர்க்கரையைச் சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு செய்தியை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "வாந்தி எடுக்கிறது, ஆனால் சிறுநீர் நிறையப் போகிறது, பத்து நாளாகத் தண்ணீர் அதிகம் குடிக்கிறது." நெரிசலான புறநோயாளி வரிசையில் மருத்துவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில், இந்த வாக்கியமே அவரைச் சரியான பரிசோதனைக்குக் கொண்டுசெல்லும்.

ஒரு சொட்டு இரத்தம்

விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் சில விநாடிகளில் விடை சொல்லிவிடும். மேற்சொன்ன அறிகுறிகள் உள்ள குழந்தைக்கு, எந்த நேரத்தில் எடுத்தாலும் 200 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால், அது சர்க்கரை நோய் என்றே கொள்ளப்படும். வெறும் வயிற்றில் ஒருமுறை, சாப்பிட்டபின் ஒருமுறை என்று மறுநாள் காலைக்குத் தள்ளிப்போடுவது பெரியவர்களுக்கான வழக்கம். இந்தக் குழந்தைக்கு அது பொருந்தாது. மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையின் முடிவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

தாத்தாவுக்கோ பாட்டிக்கோ சர்க்கரை இருப்பதால் குளுக்கோமீட்டர் உள்ள வீடுகள் நம் தெருக்களில் ஏராளம். அவசரத்துக்கு அதையே பயன்படுத்தலாம். ஊசி புதிதாக இருக்க வேண்டும். காலாவதியாகாத ஸ்ட்ரிப் வேண்டும். குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்திருக்க வேண்டும், ஏனெனில் பிஸ்கட்டோ வாழைப்பழமோ ஒட்டிய விரலில் அளவு பொய்யாக ஏறிக்காட்டும். 200-ஐத் தாண்டினால், குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அளவு குறைவாகக் காட்டினாலும் அறிகுறிகள் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். பெரியவர்களின் சர்க்கரை மாத்திரையை ஒரு துணுக்குக்கூடக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. அது கடும் கேடு விளைவிக்கும், முதல் வகை நோயைக் குணப்படுத்தவும் செய்யாது.

சோர்ந்த பிள்ளைக்குக் குளுக்கோஸ் பவுடர் கரைத்துக் கொடுப்பது இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் வழக்கம். மருந்துக்கடையில் கேட்டாலும் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். சர்க்கரை ஏறியிருக்கும் குழந்தைக்கு அது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதுதான். இளநீர், ஜூஸ், பனங்கற்கண்டுத் தண்ணீர் ஆகியவற்றிலும் சர்க்கரை உண்டு. தெருமுனைக் கிளினிக்கில் "பிள்ளை சோர்ந்துபோச்சு, குளுக்கோஸ் ஏத்துங்க" என்று நாமே கேட்பதும் உண்டு. ஏற்றுவதற்கு முன் சர்க்கரை அளவைப் பார்த்துவிடும்படி கேட்கப் பெற்றோருக்கு முழு உரிமை இருக்கிறது, அதைக் கேட்கத் தயங்கவே கூடாது. மருத்துவமனைக்குப் போகும் வழியில், விழிப்போடு இருக்கும் குழந்தைக்கு வெறும் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். மயக்கத்தில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இந்த நோய்க்கு இன்சுலின் ஒன்றே மருந்து. 1922 ஜனவரியில் டொரன்டோவில் ஒரு சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்படும் வரை, இந்நோய் வந்த குழந்தைகள் சில மாதங்களுக்கோ ஓரிரு ஆண்டுகளுக்கோ மேல் பிழைத்திருந்ததில்லை. இன்று ஒழுங்காக ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள், ஓடுகிறார்கள், வளர்ந்து வேலைக்கும் போகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகவே கிடைக்கிறது. செலவுக்கு அஞ்சியோ, ஊசிக்கு அஞ்சியோ, நாட்டு மருந்துக் கடையில் ஒரு சூரணம் வாங்கிப் பார்ப்போம் என்று எண்ணியோ ஒரு நாளைக்கூட இழக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

வயிற்றுப்போக்கோடு வரும் தாகம்

குழாய்த் தண்ணீரில் கழிவுநீர் கலந்துவிடும் மழை நாள்களிலும், லாரித் தண்ணீரைக் குடத்தில் நாள்கணக்கில் வைத்திருக்கும் கோடையிலும், வயிற்றுப்போக்கு வந்து அதனால் தாகமெடுப்பதே மிகுதி. குழந்தை டம்ளரைப் பிடுங்கி ஆவலாகக் குடிப்பது, எரிச்சலோடு அழுவது, கண்கள் குழிந்திருப்பது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்புவது ஆகியவை உடலில் நீர் குறைந்துவிட்டதற்கான அறிகுறிகள். குடிக்கவே முடியாமல் துவண்டு கிடப்பதும், கிள்ளிய தோல் இரண்டு விநாடிக்கு மேலும் மடிந்தே நிற்பதும் கடுமையான நிலை. உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி செய்த ஓ.ஆர்.எஸ். பொடியே இதற்கு மருந்து. பெரிய பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைக்க வேண்டும், 200 மி.லி.க்கான சிறு பாக்கெட்டும் கிடைப்பதால், உறையில் உள்ள அளவைப் படித்துவிட்டே கரைக்க வேண்டும். பாதிப் பொடியைக் கண்ணளவாகப் போடுவது ஆபத்து. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மி.லி. என்று ஸ்பூனால் கொடுக்கலாம். அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். அல்ல. அவற்றின் பெயரில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. துத்தநாக மருந்தும் 14 நாள் தர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வேறு சில காரணங்கள்

சர்க்கரை இயல்பாக இருந்தும் தாகமும் சிறுநீரும் குறையவில்லையென்றால், மருத்துவர் டயாபடீஸ் இன்சிபிடஸ் என்னும் அரிய நோயை எண்ணிப் பார்ப்பார். பெயரில் ஒற்றுமை இருந்தாலும் இதற்கும் சர்க்கரைக்கும் தொடர்பில்லை. சிறுநீரைச் செறிவாக்கும் வாசோபிரெசின் ஹார்மோன் மூளையிலிருந்து சுரக்காமல் போவதாலோ, சுரந்தும் சிறுநீரகம் அதற்குச் செவிசாய்க்காததாலோ இது வருகிறது. இக்குழந்தைகள் நள்ளிரவிலும் பலமுறை எழுந்து தண்ணீருக்கு அழுவார்கள். பாலைத் தள்ளிவிட்டுத் தண்ணீரைக் கேட்பார்கள். விடியற்காலைச் சிறுநீர்கூட நிறமற்றிருக்கும். எடை ஏறாது, மலச்சிக்கல் இருக்கும், காரணமில்லாத காய்ச்சல் வந்துவந்து போகும். தண்ணீரை நிறுத்தி என்ன ஆகிறதென்று பார்க்கும் பரிசோதனை ஒன்று உண்டு. அதை மருத்துவமனையில், இரத்தத்தில் சோடியத்தை அளந்துகொண்டே, மருத்துவர் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும். வீட்டில் செய்து பார்த்தால் சோடியம் எகிறி வலிப்பு வந்துவிடலாம்.

வைட்டமின் டி சொட்டு மருந்தையும் மறந்துவிடக் கூடாது. வாரம் ஒருமுறை கொடுக்க வேண்டியதைத் தினமும் கொடுத்தாலும், அளவு மிகுந்தாலும் இரத்தத்தில் கால்சியம் ஏறி, தாகம், மிகுந்த சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, பசியின்மை எல்லாம் வரும். வீட்டில் கொடுத்துவரும் எல்லா மருந்துப் புட்டிகளையும், சிரப்புகளையும், கஷாயங்களையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப்போவது நல்லது. சிறுநீரகக் கோளாறுகளும் தாகமாக வெளிப்படலாம். இரவெல்லாம் வாயால் மூச்சுவிடும் குழந்தை, வாய் உலர்ந்து காலையில் தண்ணீர் கேட்பதும் உண்டு. அப்போது சிறுநீரின் அளவு அதிகரிக்காது.

எப்போது, எங்கே போவது

மூச்சு ஆழமாக வாங்குதல், நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் மூச்சு ஓடுதல், தொடர் வாந்தி, எழுப்பினாலும் கண் செருகுதல், வலிப்பு, எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நேரம் பார்க்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் ஆட்டோவில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தவிப்பதைவிட ஆம்புலன்ஸே மேல். பழைய சிறைச்சாலைச் சாலையில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையும், எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் இரவு பகலாக அவசரச் சிகிச்சை தருகின்றன. அருகில் எது இருக்கிறதோ அங்கே போவதுதான் முக்கியம்.

தாகத்தோடு எடை குறைவு, எறும்பு மொய்த்தல், மறுபடி படுக்கையை நனைத்தல், ஆறாத புண் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அன்றே பார்க்க வேண்டும். வேறு அறிகுறி எதுவுமில்லாமல் தாகம் மட்டும் நான்கைந்து நாள்களாகத் தொடர்ந்தால், அளந்த கணக்கை எடுத்துக்கொண்டு அந்த வாரத்துக்குள் போகலாம். விடியற்காலையில் கழித்த முதல் சிறுநீரைச் சுத்தமான சிறு புட்டியில் பிடித்துக்கொண்டு போனால், அதில் சர்க்கரையும் கீட்டோனும் செறிவும் அப்போதே பார்த்துவிடலாம். தேவைப்பட்டால் சோடியம், பொட்டாசியம், கால்சியம், யூரியா, கிரியேட்டினின் ஆகியவற்றுக்கு இரத்தம் எடுப்பார்கள்.

பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தால்

பல குழந்தைகளுக்கு முடிவில் தெரியவருவது பழக்கத் தாகம்தான். அழுதால் புட்டி, தூங்கப் புட்டி, வண்டியில் போகும்போது புட்டி என்று வளர்ந்த குழந்தைக்குப் புட்டியே ஆறுதலாகிவிடுகிறது. இவர்கள் பகலில் ஓயாமல் குடித்தாலும் இரவில் பொதுவாகத் தண்ணீருக்காக விழிப்பதில்லை. விடியற்காலைச் சிறுநீர் மஞ்சளாக இருக்கும். எடை சீராக ஏறும், ஆனால் சோற்றுத் தட்டைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

கவலைப்பட ஏதுமில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, புட்டியை டம்ளராக மாற்றுவதிலிருந்து தொடங்கலாம். ஜூஸையும் சர்க்கரை கலந்த பாலையும் நீக்கி வெறும் தண்ணீரை மட்டும் வைத்தாலே, இனிப்புக்காகக் கேட்ட குழந்தை சில நாள்களில் கேட்பதைக் குறைத்துக்கொள்ளும். ஒரேயடியாக நிறுத்தினால் அழுகை மிகும் என்பதால், பாலில் சர்க்கரையை நாளுக்கு நாள் சிறிது குறைத்துவரலாம். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு வயிறு நிறையக் குடிக்கவிடாமல் விளையாட்டில் திருப்பிவிடலாம். உண்மையான தாகத்துக்கு எந்த நேரத்திலும் தண்ணீர் கிடைக்கும் என்பது மட்டும் மாறவே கூடாது. இரண்டு வாரம் கழித்து அதே தராசில் எடை பார்க்க வேண்டும். எடை குறைந்திருந்தாலோ, இரவில் தண்ணீருக்கு எழத் தொடங்கியிருந்தாலோ, முந்தைய பரிசோதனைத் தாள்கள் சரியாக இருந்தன என்று சும்மா இருந்துவிடாமல், அவற்றையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் மருத்துவரிடம் போய், விரல் நுனி இரத்தத்தை இன்னொரு முறை பார்க்கச் சொல்ல வேண்டும்.